எழுத்துக்கு மூன்று நாள்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, அவள் பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் முட்டியைத் தவிர, அதுவும் பழகிவிட்டது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் என்று அக்கா சொன்னாள், வெந்நீர் கொடுங்கள், ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி பட்டறைக்கு வந்து, "அண்ணே, அண்ணிக்குக் கல்லு நட்டாங்களே, நீங்க வரவே இல்லையே?" என்று கேட்டான். நான் அப்போது உன் அம்மாவின் கல்லுக்கு முன்னால்தான் உளியோடு உட்கார்ந்திருந்தேன். உளியைக் கீழே வைத்தேன். போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, மெஷின் வெட்டிய எழுத்து, மேலே உன் போனில் இருந்த படம். யாரோ கல்யாணத்தில் எடுத்தது, ஓரத்தில் உன் பெரியம்மாவின் முழங்கை தெரிகிறது. உயிரோடு இருக்கிற மனுஷியின் முழங்கையைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்த முதல் ஆள் நீதான்டா. அக்காவைப் பிடித்துக் கேட்டேன். அங்கிருந்தே ஆர்டர் கொடுத்தாயாம், ஒரே நாளில் வெட்டிவிட்டார்களாம், அப்பாவிடம் மூச்சு விடாதே என்றாயாம். "எட்டு மாசமா அம்மா பேரில்லாம கெடக்குறாங்க, ஊருக்கெல்லாம் வெட்டுறவருக்குச் சொந்தப் பொண்டாட்டிக்கு வெட்ட நேரமில்ல" என்றும் சொன்னாயாம்.

நேரமில்லையா? காலை வெயிலில் மட்டும்தான் நான் எழுத்து வெட்டுவேன், சாய்ந்த வெயிலில்தான் பள்ளத்தில் நிழல் விழும், ஆழம் தெரியும். ஒரு எழுத்துக்கு மூன்று நாள். அது ஊருக்கு. உன் அம்மாவின் கல்லில் ஒரு எழுத்துக்கு ஒரு வாரம்கூட ஆகிறது. ஏன் தெரியுமா? முப்பத்தாறு வருஷமாக நான் வெட்டிய ஒவ்வொரு எழுத்தையும் அவள்தான் பார்த்துச் சொல்லுவாள். கல்லை நனைத்துவிட்டு, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதுக்குக் கால் நொண்டுது, அது என்ன, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரித் தள்ளி நிக்குது" என்பாள். நான் முறைப்பேன், அவள் உள்ளே போனதும் சரிசெய்வேன். இப்போது சொல்ல ஆள் இல்லை. வெட்டி, நனைத்து, அவள் முக்காலியில் நானே போய் உட்கார்ந்து, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிறேன். அதற்கு நாளாகிறது, ஆகட்டுமே. சீக்கிரம் முடித்துவிட்டால் அப்புறம் நான் அவளுக்குச் செய்ய என்னடா மிச்சம் இருக்கிறது? இதை முன்பே சொல்லாதது என் தப்பு. நீயும் கேட்கவில்லை.

உன் கல்லைப் பிடுங்கி எறிவேன் என்று அக்கா பயந்தாள். எறியவில்லை. பெற்ற பிள்ளை வைத்தது, அவள் இருந்திருந்தால் அந்த முழங்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், அப்புறம் எப்போதும்போல உனக்குத்தான் பரிந்துகொண்டு வந்திருப்பாள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை, ஆறிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். என் கல்லில் இன்னும் ஆறு எழுத்து பாக்கி, முடிப்பேன். அதற்குக் கீழே என் பெயரையும் நானே வெட்டிவைப்பேன். நான் போன பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்து அதை நடுங்கள். நான் போகும் தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைப்பேன், அதை நீதான் வெட்ட வேண்டும். மெஷின் வரக்கூடாது. சின்ன வயதில் வாசற்படிக் கல்லில் உன் பெயரை வெட்டி என்னிடம் அடி வாங்கினாயே, அந்தக் கைதான், மறந்திருக்காது. கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. உளி மேஜை இழுப்பறையில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் கத்தாதே. மூன்று பேரும் நன்றாக இருங்கள், ஆசீர்வாதம் எல்லோருக்கும், கோபம் உனக்கு மட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அம்மாவுக்கு நாலு நாள் லீவில் வந்தாய், மண் காய்வதற்குள் கிளம்பிவிட்டாய். தேதிக்கு எட்டு எண். எண்ணுக்கு மூன்று நாள். எனக்கு இருபத்துநாலு நாள் லீவு சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா