அத்திப்பள்ளி வழியாக ஓர் ஒத்திகை

ஓசூர்,
ஜூலை 6, ஞாயிறு.

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் நலம். என்னைப் பற்றி முழு நலம் என்று எழுதினால் அது பொய்யான உறுதிமொழியாகிவிடும் என்பதால், பார்க்கின்சன் நோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆன ஒருவருக்கு எவ்வளவு நலம் இயலுமோ அவ்வளவு நலம் என்று திருத்தி வாசித்துக்கொள். ஐண்ட்ஹோவனில் நீ இப்படிப்பட்ட திருத்தங்கள் தேவைப்படாத நலத்தோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். வாரம் இருமுறை வீடியோவில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். கோடு போட்ட தாளில் பள்ளிப் பிள்ளைபோல் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே, கோடில்லாத தாளில் என் எழுத்து போகப் போகச் சிறுத்து, வரி முடிவதற்குள் எறும்பளவு ஆகிவிடுகிறது, கோடு இருந்தால் அது தன் அளவுக்குக் கட்டுப்படுகிறது. நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் எழுதுவதால் இக்கடிதம் முடிய மூன்று நாளாகும்.

ஊர்ச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாரூர் ஏரியில் தண்ணீர் நன்றாக இருப்பதால் உன் மாமா திம்மப்பன் இந்த முறை கரும்பை விட்டுவிட்டு நெல்லுக்கே போவதாகச் சொல்கிறார், போன முறை இதற்கு நேர்மாறாகச் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன். அவர் அனுப்பிய இரண்டு கூடை மாம்பழத்தில் ஒரு கூடையை அம்மா தெருவுக்கே பங்கிட்டாள். உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியில் ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டுகிறாள். அலுவலகத்தில் நோட்டரி வேலையை ஜூனியர் விஜயகுமாரிடம் ஒப்படைத்துவிட்டேன், என் கையெழுத்து என் கையெழுத்தோடே ஒத்துப்போகாத நிலையில் ஊரார் கையெழுத்துக்கு நான் சான்று கூறுவது முறையன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மறைவுக்குப் பின் என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்புவதாகப் போன மாதம் வீடியோவில் சொன்னேன். நீ சொன்னவற்றை அன்றே குறித்து வைத்தேன், அப்படியே தருகிறேன், தவறிருந்தால் திருத்து. "அப்பா, நான் கெளம்பி வந்து சேர்றதுக்கே ஒரு நாளு ஆவும். அதுக்குள்ள உங்கள எங்கயோ எடுத்துனு போயி அறுத்துட்டா நான் வந்து எத பாக்கறது? இத போயி கல்லு மாதிரி மூஞ்ச வெச்சினு சொல்றீங்க. நான் கையெழுத்து போட மாட்டேன்." பிறகு அழைப்பைத் துண்டித்தாய். ஆக உன் ஆட்சேபணைகள் இரண்டு. நீ வருவதற்குள் என் முகம் என்னவாகும் என்பது ஒன்று. அந்த முகம் இப்போதே கல்லாகிவிட்டதே என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் எளிது. இந்த நோயில் முகத்துத் தசைகள் இறுகிவிடுகின்றன, உள்ளே இருப்பது வெளியே வருவதில்லை. அன்று நான் வருத்தத்தோடு அதைச் சொல்லவில்லை, ஆறுமாதம் யோசித்து ஒரு நல்ல முடிவுக்கு வந்த மனிதனின் மகிழ்ச்சியோடுதான் சொன்னேன். வீடியோவில் அது தெரியாது என்பதால்தான் இந்தக் கடிதம், எழுத்துக்குத் தசை தேவையில்லை. முதல் ஆட்சேபணைக்கு வாதத்தால் பதில் சொல்லக் கூடாது, சாட்சியத்தால் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். அந்தச் சாட்சியத்தைத் திரட்டப் போன கதைதான் இனி வருவது.

பெங்களூரில் நான் போய்வரும் நரம்பியல் மருத்துவமனையின் ஆய்வு ஒன்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பரிசோதிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நடக்கச் சொல்வார்கள், சுருள் வரையச் சொல்வார்கள், சிறு குப்பிகளைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். நோயாளி ஒருவரோடு ஒப்பிட, அதே வயதில் அதே ஊரில் நோயில்லாத ஒருவரும் வேண்டும். அப்படி என்னோடு வருபவர் நம் ராயக்கோட்டை சாலை மண்டி வியாபாரி நசருல்லா, முப்பது ஆண்டுகளாக என் கட்சிக்காரர், அதைவிட அதிகமாக நண்பர். ஒப்பீட்டுக்கு வந்தவர் என்பதை அவர் போட்டிக்கு வந்தவர் என்று எடுத்துக்கொண்டார். சென்ற முறை பன்னிரண்டு குப்பிகளில் பதினொன்றை அவர் சரியாகச் சொல்ல, எனக்குக் காபித்தூளும் கிராம்பும்கூடப் பிடிபடவில்லை. வெளியே வந்ததும், "என்னா வக்கீலே, கேஸு நமக்கு சாதகமா முடிஞ்சுதா?" என்றார். மூளையைக் கொடுக்கும் என் எண்ணத்தைச் சொன்னபோது, தன் கருத்தையும் தெளிவாக வைத்தார். "உசுரோட இருக்கற வரைக்கும் எத்தன வாட்டி வேணும்னாலும் என் தலைய காட்றேன். அப்புறம் முழுசா அனுப்பி வெச்சிடுங்க. ஆனா ஒங்கள கொண்டு போற வண்டி என்னுது." இரண்டு நிலைப்பாட்டையும் மதிக்கிறேன்.

ஆய்வு உதவியாளர் தமிழ்செல்வி, பர்கூர்க்காரப் பெண், மறைவுக்குப் பின் ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் மிக நல்லது, தாமதமானாலும் குளிரில் வைத்திருந்தால் பயன்படும் என்று சொல்லியிருந்தாள். எல்லை தாண்டி வேறு மாநிலம், நடுவே பெங்களூர் போக்குவரத்து, ஆறு மணி நேரம் போதுமா என்பதை ஊகத்துக்கு விட எனக்கு மனமில்லை. எனவே சென்ற திங்கட்கிழமை, நெரிசல் மிக அதிகமாயிருக்கும் காலை எட்டு மணியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, ஓர் ஒத்திகை நடத்தினோம். நசருல்லாவின் மகன் ஜீஷான் ஓட்ட, நான் முன்னால் நேரம் குறிக்க, நடு இருக்கையில் நசருல்லாவும் அம்மாவும். மண்டிக்குக் கொத்தமல்லி ஏற்றும் ஆம்னி வேன், வாசனை தாங்கவில்லை என்று மூவரும் சொன்னார்கள், என் வசதி எனக்கு. அம்மா எதிர்ப்பாளராகத்தான் வந்தாள். "உசுரோட இருக்கற மனுசன பொணமா ஓட்டினு போற கூத்த நானும் பாக்கறேன்" என்று சொல்லித்தான் ஏறினாள்.

இங்கே என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாளில் எல்லையில் தடை எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக, "இவ்வாகனத்தில் ஓசூர் வழக்கறிஞர் மாதேஸ்வரனின் உடல் ஆராய்ச்சிக்காக எடுத்துச் செல்லப்படுகிறது, தாமதமின்றி அனுமதிக்கவும்" என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் முன்கூட்டியே ஒரு கடிதம் தயாரித்து வைத்திருந்தேன், தேதி மட்டும் போடவில்லை. ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்க வேண்டும் என்று நசருல்லா அதையும் எடுத்து வந்ததோடு, "அவசரம்" என்று ஒரு தாளைக் கண்ணாடியிலும் ஒட்டிவிட்டார். எல்லையில், அத்திப்பள்ளியில், ஒரு கர்நாடக கான்ஸ்டபிள் கைகாட்டி நிறுத்தினார். நான் வாய் திறப்பதற்குள் நசருல்லா கடிதத்தை நீட்டிவிட்டார். கான்ஸ்டபிள் அதை இருமுறை படித்தார், பின் கதவைத் திறந்து பார்த்தார், அங்கே நாலு கொத்தமல்லித் தழைதான் கிடந்தது. "பாடி எல்லிதே?" என்றார், உடல் எங்கே என்று. நசருல்லா கொஞ்சமும் தயங்காமல், "முன்னாடி உக்காந்துனு இருக்காரு சார்" என்றார். கான்ஸ்டபிள் என் ஆதார் அட்டையை வாங்கினார். பெயர் ஒத்துப்போனது. கடிதத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதில் எதுவும் அசையவில்லை. "சத்தவரு இவரேனா?" என்று, செத்தவர் இவர்தானா என்று, மிகுந்த மரியாதையோடு ஜீஷானைக் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் அடைந்த சிரிப்பு என் வாழ்நாளில் அடைந்த சிரிப்புகளில் முதல் மூன்றுக்குள் வரும், ஆனால் முகம் மறுத்துவிட்டதால் அந்த மனிதருக்கு நான் கோபக்காரப் பிணமாகத் தோன்றியிருக்க வேண்டும். விளக்கம் சொல்லி முடிக்கப் பதினேழு நிமிடம் ஆயிற்று. அவர் நல்ல மனிதர். கடிதத்தின் பின்பக்கத்தில் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, தான் ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் வந்தால் தடையில்லாமல் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அப்படி எந்த உறுதியும் அளிக்க இயலாது என்று நான் பணிவோடு தெரிவித்தேன்.

அந்தப் பதினேழு நிமிடத்தையும் சேர்த்து, நம் வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். தமிழ்செல்வி எங்களை மூளை வங்கியின் அறைக்கு அழைத்துப் போனாள். நீ நினைப்பதுபோல் அச்சமூட்டும் இடமன்று, குளிர்பெட்டிகளும் எண்களும்தான், பெயர்கள் வேறிடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டு, திருப்திப்பட்டுக்கொண்டேன். என் நோய் உள்ளவர்களுடையவை, மூளையில் புற்றுக்கட்டி வந்தவர்களுடையவை, நெடுஞ்சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்களுடையவை என்று வரிசையாகச் சொன்னாள். உன் கேள்வியை அவளிடம் அப்படியே கேட்டேன். தலையின் பின்பக்கமாகத் திறந்து, தைத்து, அன்றே அனுப்பிவிடுவார்கள், முகத்தைத் தொடுவதில்லை, தையல் முடிக்குள் மறைந்துவிடும் என்றாள். உடனே அம்மா, "ஏம்மா, இவருக்கு முடின்னு ஒண்ணு எங்க இருக்குது?" என்றாள். தலையணைப் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆக, காலையில் நான் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடுவேன், நீ மறுநாள் வரும்போது உனக்குத் தெரிந்த அதே முகத்தோடு காத்திருப்பேன்.

பிறகுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கிடைப்பதற்கு அரிது எது என்று அம்மா கேட்டாள். நோயில்லாத மூளைதான் என்றாள் தமிழ்செல்வி, நோய் வந்தவர்கள் மனமுவந்து தருகிறார்கள், நல்லாயிருப்பவர்களுக்கு அந்த எண்ணமே வருவதில்லை, நல்லது எப்படியிருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கெட்டது எதனால் கெட்டது என்று சொல்ல முடியாது என்றாள். அம்மா அந்தப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "முப்பத்தஞ்சு வருசமா இவரு கூட குடும்பம் நடத்தியும் கெடாத மூள. நல்லாத்தான் இருக்கும். எனக்கும் ஒரு ஃபாரம் குடும்மா" என்றாள். நான் என் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டாவது நிபந்தனையைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நம் வீட்டில் நான் படிக்காமல் கையெழுத்தான முதல் ஆவணம் அதுதான். வீட்டுக்கு வந்து முழுவதும் படித்தேன், குறையில்லை.

சட்ட நிலையை மறைக்காமல் சொல்கிறேன். நான் உயிரோடிருக்கும்போது போடும் கையெழுத்து ஒரு விருப்பம் மட்டுமே. அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். என் படிவத்துக்கு உன் அம்மாவின் சம்மதமே போதும், உன் கையெழுத்து இல்லாவிட்டாலும் அது செல்லும். ஆயினும் உன் இடம் காலியாக இருக்கும்வரை இரண்டு படிவங்களையும் நான் ஒப்படைக்கப் போவதில்லை, அவை என் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கும். நீ மறுத்தால் அவற்றைக் கிழித்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், அதில் எனக்கு மனத்தாங்கல் இராது. நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன், கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு குறி போட்டிருக்கிறேன், வேண்டாமென்றால் அழிக்க எளிதாக இருக்கும். அவசரப்படாதே. நிபந்தனைகளை முழுவதும் படி, இந்த ஒரு விஷயத்தில் அம்மாவைப் பின்பற்றாதே.

வேறு ஒன்று. அந்த அறையில் இளைஞர்களின் எண்கள் எனக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தன. உன் ஊரில் யாருமே ஹெல்மெட் போட்டு சைக்கிள் ஓட்டுவதில்லை என்று நீ சொன்னதை நம்புகிறேன். அவர்கள் யாரும் என் மகளல்லர். ஒன்று வாங்கிக்கொள், வாங்கியபின் அதை ஆணியில் மாட்டி வைக்காதே. குளிர் தொடங்குமுன் காதுக்கும் எதையாவது வாங்கு. எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உன்னோடு இருக்கும், நீ எடுத்த வேலை எல்லாம் தடையின்றி முடிந்து, நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ்வாயாக.

இக்கடிதத்தில் கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்றும், இதை எழுதும்போது மூன்று இடங்களில் நான் சிரித்தேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

உன் அப்பா,
இரா. மாதேஸ்வரன்

சாட்சி:

சரிதா கண்ணு, மூணு இல்ல, அஞ்சு வாட்டி சிரிச்சாரு. மூஞ்சில தெரியாது, சிரிச்சா எடது தோளு குலுங்கும். நடுக்கம் வேற, இது வேற, எனக்கு தெரியும். இத்தன நாளா வீடியோல பேசறப்ப ஃபோன இவரு மூஞ்சிக்கு கிட்டக்க புடிச்சி தப்பு பண்ணிட்டேன். வர்ற புதன்கிழம கொஞ்சம் தள்ளி புடிக்கறேன், தோளும் தெரியற மாதிரி. நீயே பாத்துக்கோ.
உன் அம்மா சுகுணா