மியூசியத்துல பார்த்த தொட்டில்

ஏங்க,

இந்த வடக்கத்தி ஊர்க் குளிர் எனக்குப் பழகிருச்சு. ஓடைப்பட்டியில நம்ம தோட்டத்துத் திராட்சை வெட்டு முடிஞ்சதா?

மகளைக் கட்டுனவனை 'அவன்'னுதான் சொல்லணும்னு சொல்லி அனுப்புனீக. சரி, அப்படியே எழுதுறேன். மக வேலைக்குப் போனதும் அவன் என்னை இங்கன உள்ள சின்னச் சின்ன மியூசியத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. கண்ணாடிக்குள்ள இருக்கிறதைக் கையைக் காட்டிக் கேப்பான், நான் பேரு சொல்லுவேன். திருகை, உலக்கை எல்லாம் இப்பத் திருத்தமாச் சொல்லுறான்.

நேத்துப் போன இடத்துல பழைய மரத்தொட்டில் ஒண்ணு இருந்துச்சு. அங்கனயே ரொம்ப நேரம் நின்னுட்டான். "தொட்டில்"னேன். நம்ம பக்கம் சேலையிலதான் கட்டுவோம்னு முந்தானையை விரிச்சுக் காட்டினேன். வீடு வர்ற வரைக்கும் "தொட்டில், தொட்டில்"னு சொல்லிக்கிட்டே வந்தாக மாப்பிள்ளை.

'மாப்பிள்ளை'ன்னு எழுதிட்டேன். இனி அதை அடிச்சுத் திருத்த மாட்டேன்.

வேற எதையும் உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு உங்க மக கட்டளை. கோபத்துல உங்களையே உரிச்சு வச்சிருக்கா. அதனால நான் ஒண்ணும் சொல்லலை. வெட்டு முடிஞ்சதும் ரயிலேறி வாங்க. வரும்போது பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கிற என் பழைய நூல்சேலை ரெண்டை எடுத்துட்டு வாங்க. நல்லாத் துவைச்சு, மெத்துன்னு இருக்கிறதாப் பார்த்து.

உங்க வீட்டுக்காரி