இந்த வருடம் உங்கள் திதிக்கு நான் வரமாட்டேன்

என் உயிரான அப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் உங்கள் திதியன்று நான் கடற்கரையில் இருக்கமாட்டேன், ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் இருப்பேன். ஒரே மகன் நான். எனக்குப் பதிலாக எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை. நீதிமன்றத்தில் நிற்கவும் ஆளில்லை.

ஃபேக்டரியில் உங்கள் உயிர் போனதற்குக் கம்பெனிமேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. நம் வக்கீல் உடம்பு முடியவில்லை என்று விலகிக்கொண்டார். புதியவர் கிடைக்கும்வரை வழக்கு சும்மா கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நீதிமன்றக் கவுண்டரில் இருந்த பெண்மணி மலாயில் நிதானமாக விளக்கினார். வழக்குப் போட்டவன் நான், இனி ஒவ்வொரு தேதிக்கும் நானே வரவேண்டும், கூப்பிடும்போது இல்லையென்றால் தள்ளுபடி செய்துவிடலாம். மாமாவை அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஆகாதாம்.

தேடாமல் இல்லை, அப்பா. வக்கீல் ஆபீஸ் ஒன்று விடாமல் மாடிப்படி ஏறி இறங்கினேன். பாதியில் வந்த கேஸ் என்றதும் எல்லோருக்கும் முகம் மாறிவிடுகிறது.

போன தடவை நானே நீதிபதி முன்னால் எழுந்து நின்றேன். விசாரணைக்குத் தேதி சொன்னார்கள். அது உங்கள் திதி நாள். தெரிந்த மலாயில் வேறு நாள் கேட்டேன். கம்பெனி வக்கீல் நம்மவர்தான், நெற்றி நிறையத் திருநீறு. கம்பெனி சாட்சி கோலாலம்பூரிலிருந்து வருகிறார், தள்ளக்கூடாது என்றார். தேதி மாறவில்லை.

வெளியே வந்ததும் அவரே என் பக்கத்தில் வந்தார்.

"எங்கப்பா திதியையே நான் தள்ளித் தள்ளித்தான் வெக்கிறேன் தம்பி. அமாவாசையில வெச்சிக்கலாம்லா. அன்னைக்கு வராம மட்டும் இருந்துடாதீங்க."

நான் வராமல் போனால் அவருக்குத்தானே லாபம்? பிறகு ஏன் அப்படிச் சொன்னார்? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அம்மா என்னோடு பேசுவதில்லை. "மனுசன் பசியோட வந்து நிப்பாரு, நீ கோர்ட்டுல போயி நிப்பியா?" என்று கேட்டதோடு சரி. 

அதற்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன். கம்பெனி கொடுத்திருக்கும் பதிலில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ஃபேக்டரித் தரையில் எல்லையாகப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனது நீங்களாம். பெட்டிகள் உங்கள்மேல் சரிந்து விழுந்தது உங்கள் கவனக்குறைவாலாம். காரே வராத சாலையிலும் பச்சை விளக்குக்குக் காத்து நின்று என் மானத்தை வாங்கிய ஆள் நீங்கள். நான் போகாவிட்டால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சே இல்லாமல் போய்விடும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பயமாகவும் இருக்கிறது, அப்பா. சட்டம் படித்த மனிதருக்கு எதிரில் தனியாக நின்று நான் என்னத்தைக் கிழிக்கப்போகிறேன்?

அமாவாசைக்குக் கடற்கரைக்கு வருவேன், அப்போது திட்டுங்கள். திதியன்று விடிவதற்குள் புக்கிட் மெர்தாஜாமில் பஸ் பிடித்து, பெர்ரி ஏறி, நீதிமன்றக் கதவு திறக்குமுன் அங்கே இருப்பேன். நீங்கள் பசியோடு இருக்கும் அந்த நாளில் நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். வழக்குப் போட்டவர் வந்திருக்கிறாரா என்று கேட்பார்கள். நான் எழுந்து நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களைப் பட்டினி போடும்,
உங்கள் ஒரே மகன்