காளிகேசத்தில் கேட்காமல் போனது

28 டிசம்பர் 2009, திங்கள்

காலையில் லில்லியோடு காளிகேசம் ஆற்றோரமாகக் காட்டுக்குள் போய் வந்தேன். எங்கள் பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர், நான் கணக்கு. வனக்காவலர் ஒருவரும் கூட வந்தார். நல்ல குளிர். ஆற்றின் மேல் பனி கிடந்தது. ஒரு மலையணிலையும் கருமந்திக் கூட்டத்தையும் பார்த்தோம்.

திடீரென்று இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு இருவாச்சி ஆற்றைக் கடந்து பறந்தது. "செறகுச் சத்தம் ரயில் போற மாதிரி இல்லியா?" என்றாள் லில்லி. ஆமாம் என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தொலைநோக்கியும் கையுமாக நான் கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். லில்லி ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். முப்பதடி தூரத்தில் ஒரு யானை மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. மெதுவாகப் பின்வாங்கித் திரும்பிவிட்டோம்.

ரோட்டுக்கு வந்த பிறகும் அவள் என் தோளை விடவில்லை. "ஏட்டி, நில்லு நில்லுன்னு எத்தன வாட்டி விளிச்சேன்? மூங்கில் ஒடியுற சத்தம்கூடவா கேக்கல?"

"பறவையப் பாத்துட்டே நடந்துட்டேன் மக்கா."

அவள் நம்பவில்லை. "புதன்கிழமை நாகர்கோவில்ல டாக்டர்ட்ட காட்டுவோம். நானும் வாறேன்."

சரி என்றேன்.

இந்த வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் யாரும் சந்தேகமே கேட்பதில்லை. பாடம் நன்றாகப் புரிகிறது என்று நினைத்திருந்தேன்.