சோள நாரும் அப்பாவின் மாத்திரையும்

செவ்வாய், இரவு

அப்பா பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார், அதுவும் என்னால்!

மக்காச்சோளக் கதிரின் நுனியில் இருக்கும் பட்டு நாரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் நீர் பிரியும், ரத்த அழுத்தத்துக்கும் உதவுமா என ஆராய்கிறார்கள் என்று வீடியோ பார்த்துப் பார்த்துக் குதித்தது நான்தான். வீட்டருகே ஜனக்புரி மார்க்கெட்டில் சோளம் சுட்டு விற்கிறவர் உரித்துப் போடும் நாரையெல்லாம் கேட்டு வாங்கி, பால்கனியில் காயவைத்ததும் நான்தான். பெரும்பாலும் எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

இன்று அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன்.

“என்னப்பா இது?”

“அதான் உன் கஷாயம் இருக்கே. ஆபீஸ்ல ஷர்மாஜிக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். என் பொண்ணோட ரிசர்ச்னு சொன்னேன்.”

“ஐயோ, அது மாத்திரைக்குப் பதில் இல்லப்பா! எலிக்குத்தான் கொடுத்துப் பாத்திருக்காங்க!”

“எலிக்கே கேக்குதுன்னா எனக்குக் கேக்காதா?”

பிபி அளந்து பார்த்தால் நூற்றெழுபதுக்கு மேல் காட்டுகிறது. மெஷின் சரியில்லையாம். டாக்டரிடமும் வர மாட்டாராம்.

“நீ சும்மா பயப்படாதடா, உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு” என்று என்னையே தேற்றிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

யாராவது அவரிடம் சொல்லுங்களேன். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.