கைப்பிடி அரிசியைத் தொட்டது யார்?

தேனாம்பேட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகள் பெனினாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம்தானே? மஸ்கட்டில் வெயில் குறைந்ததா?

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போட்டு, மாத முதல் ஞாயிறு ஆலயத்தில் படைப்பேன் அல்லவா? அந்த அரிசி குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் ஒரு தீப்பெட்டி குறைந்தாலே கண்டுபிடித்துவிடுவேன், இது தெரியாதா? முதல் சந்தேகம் கீழ்வீட்டு ஷாகிரா மேல். மிக்ஸி கேட்டு அடுப்படி வரை வருகிறவள் அவள்தானே. ஜாடையாகக் கேட்டுவிட்டேன். "இன்னாக்கா, உங்க சாமி அரிசிய துன்னுட்டு நான் எங்க போய் பதில் சொல்றது?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் டின்னில் அரிசியைச் சமப்படுத்தி, மேலே விரலால் சிலுவை போட்டு வைத்தேன். மறுநாள் அரிசி இறங்கியிருந்தது. சிலுவை மட்டும் இருந்தது! எடுத்தவரே திரும்பப் போட்டு வைத்திருக்கிறார். ஷாகிரா அதைச் செய்வாளா? மிச்சம் உன் அப்பாதான்.

உன் தம்பி ரூபனை அடக்கம் பண்ணிய அன்று எல்லோரும் தேவசித்தம், தேவசித்தம் என்றார்களே, அன்று வேதத்தை மூடியவர் இன்னும் திறக்கவில்லை. ஆலயத்துக்கும் வருவதில்லை. அவர் எதற்குச் சிலுவை போடவேண்டும்? நான் காலை ஜெபத்துக்குப் போய் வருவதற்குள் எதையோ சமைத்து, தூக்குவாளியோடு நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்கிறார். யார் அந்த நண்பர்? என் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போனது.

செவ்வாய்க்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். ராயப்பேட்டைப் பெரிய ஆஸ்பத்திரி. ரூபன் கிடந்த அதே வார்டு. உள்ளே போக மனம் வரவில்லை, கதவோரம் நின்றுகொண்டேன். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு அப்பா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, இன்னிக்கும் உப்பு கம்மியா கீது. வூட்ல அம்மா இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்காங்கப்பா. அவங்களக் கூப்பிடத்தான் எனக்குத் தைரியம் வரல" என்றார் அப்பா.

ஓடி வந்துவிட்டேன், பெனி. இதற்காகத்தான் தேவன் ரூபனை எடுத்தார் என்று யாராவது சொன்னால் இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் எடுத்துவிட்டு நம்மை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் மனம் திரும்பவேண்டும் என்று நான் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதே அப்பா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். ஆலயத்துக்குப் போன எனக்கு அது தெரியவில்லை. ஷாகிராவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இன்று பார்த்தால், பரணில் கிடந்த இன்னொரு தூக்குவாளியைத் துலக்கி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் வந்ததைப் பார்த்துவிட்டாரோ? எனக்காகத்தான் வைத்தாரோ? கேட்கப் பயமாக இருக்கிறது.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. அம்மாவின் சந்தேகம் இதுவரை எல்லாமே தப்பு. இந்த ஒன்றாவது சரியாக இருக்கவேண்டும் என்று ஜெபம்பண்ணு, மகளே.

அப்பா சட்டை மாட்டுகிறார். முடிக்கிறேன்.

அன்புள்ள அம்மா,
தங்கபுஷ்பம்