கோல்போஸ்ட் தெரியாத சீட்டு

அம்மா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறியா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய ஃபுட்பால் மைதானத்தை இடிச்சிட்டுப் புதுசா கட்டுறாங்கல்ல, அதுலதான் உட்கார்ற சீட்டு மாட்டுறேன். அறுபதாயிரம் சீட்டும்மா! உச்சி வரிசைல நின்னா வாயடைச்சுப் போகுது.

நேத்து அங்க மாட்டின சீட்டுல சும்மா உட்கார்ந்தேன். தூண் மறைச்சு கோல்போஸ்டே தெரியலை. மேஸ்திரிகிட்ட சொன்னேன்.

"காலேஜை விட்டு ஓடி வந்தவன் பிளான்ல தப்பு கண்டுபிடிக்கிறியோ? வேலை வேணுமா வேணாமாடா?"ன்னு கத்தினார்.

சத்தம் கேட்டு இன்ஜினியரே ஏறி வந்து உட்கார்ந்து பார்த்தார். "இவன் சொல்றது சரிதான்"னு பிளானை மடிச்சிட்டார்.

"என்னப்பா படிச்சிருக்கே?"

"பாதி சார்."

சிரிச்சிட்டார். இன்னிலேர்ந்து ஒவ்வொரு சீட்டா உட்கார்ந்து பார்க்கிறதுதான் என் வேலை. மேல குளிர்க் காத்து, கம்பளி சாக்ஸ் அனுப்பு. பக்கத்து சீட்டெல்லாம் காலிம்மா.

கூப்பிடுறாங்க, ஓடுறேன். அப்பா இன்னும் எம்மேல கோவமா இருந்தா, இதை அவர் காதுல விழுற மாதிரி சத்தமா படி.

உன் மகன்